கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் மேல் விழும் அடி

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் 9 வருடமாகப் புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு கொருக்குப்பேட்டை. ஆடித் தள்ளுபடியின் கடைசி வாரம், கடை சாத்தும் நேரத்தில் ஒரு குடும்பம் பில் இல்லாமல் ஒரு புடவையை மாற்ற வந்தது. ஃபால்ஸ் தைத்துவிட்ட புடவை. மாற்ற முடியாது என்று கடையில் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன். அந்த அம்மாவோடு வந்தவர் எழுத முடியாத வார்த்தை சொல்லி, புடவைப் பெட்டியை என் முகத்தில் எறிந்தார். புருவத்துக்குக் கீழே கிழிந்து இரண்டு தையல். சூப்பர்வைசர் வந்து என்னையே அவர்களிடம் 'சாரி' சொல்ல வைத்தார். புடவையையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் 'ரேக்கில் இடித்துக்கொண்டாள்' என்று சொன்னதும் அவர்தான். அந்தப் புடவைக்காக என் சம்பளத்தில் இரண்டு தவணையாக 2,400 ரூபாய் பிடிக்கிறார்கள். கடை வேலை என்றால் இதெல்லாம் சகஜம் என்கிறார் வீட்டுக்காரர். இது சகஜமா, குற்றமா? நான் பேசியதில் தப்பு இருந்ததா? வேலை போகாமல் ஏதாவது செய்ய முடியுமா? இப்போதெல்லாம் யாராவது குரலை உயர்த்தினாலே கை நடுங்குகிறது. மடித்த புடவையையே திரும்ப மடிக்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மேலே சுருக்கித்தான் தந்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் தையல் போட்டதைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. மன்னிப்புக் கேட்டதைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. கைக்குட்டையைப் புருவத்தில் அழுத்தியபடி நீங்கள் 'சாரி' சொன்னபோது, அந்த அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை உங்களையே பார்த்துக்கொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் காயம் ஆறவில்லை என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிகிறது. ஆகவே என் பதிலும் பெட்டியை எறிந்தவரோடு நின்றுவிடாமல், உங்களை மன்னிப்புக் கேட்க வைத்த ஏற்பாடு வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. நான் வழக்கறிஞர் அல்ல. குற்றவியல் படித்து, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்பவள். சட்டத்தைப் பற்றி நான் சொல்வதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு வருகிறேன். நடந்தது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2)-ஆம் பிரிவின்படி, வேண்டுமென்றே ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தினால் ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பேசும் பேச்சுக்கு 79-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. அதற்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. அடி விழுந்த இடம் கடை என்பதாலோ, அடித்தவர் கஸ்டமர் என்பதாலோ இந்தப் பிரிவுகள் எங்கும் தளர்வதில்லை. வீட்டுக்காரர் சொன்ன 'சகஜம்' என்ற சொல்லிலும் பாதி உண்மை இருக்கிறது: அடிக்கடி நடக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2021-இல் 121 நாடுகளில் ஏறத்தாழ 75,000 பணியாளர்களிடம் எடுத்து 2022 டிசம்பரில் வெளியிட்ட கணக்கெடுப்பில், நூற்றுக்கு 23 பேர் வேலையிடத்தில் ஏதோ ஒரு வகை வன்முறையையோ துன்புறுத்தலையோ சந்தித்ததாகச் சொன்னார்கள். அப்படிச் சந்தித்தவர்களில் பாதிப் பேருக்குச் சற்று அதிகமானவர்களே அதை வேறு எவரிடமாவது சொல்லியிருந்தார்கள். சொல்லாததற்கு அவர்கள் முதன்மையாகக் கூறிய காரணங்கள் இரண்டு: சொல்லிப் பயனில்லை, சொன்னால் பெயர் கெடும். கொருக்குப்பேட்டையில் உங்கள் வீட்டுத் திண்ணையிலும் இதே இரண்டு காரணங்கள் பேசப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 'முடியாதுங்க' என்று சொல்வதற்குப் பதிலாக வேறு எப்படியாவது சொல்லியிருக்க வேண்டுமோ என்று மூன்று இடங்களில் கேட்டிருக்கிறீர்கள். அடி வாங்கியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் இதைக் கேட்பார்கள்; தன் பேச்சை மாற்றிக்கொண்டால் அடுத்த முறை தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கை அதில் ஒளிந்திருக்கிறது. ஆனால் வேலையிட வன்முறையை ஆராய்ந்தவர்கள் கண்டது, அடி விழுவதற்கு முன்பே அது எங்கே விழும் என்பது பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது என்பதுதான். லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1979-இல் சொன்ன விளக்கம் இன்றும் எங்கள் துறையில் முதல் பாடம்: குற்றம் செய்யத் துணிந்த ஒருவர், அவர் கைக்கு எட்டும் இலக்கு, தடுக்க வேண்டியவர் இல்லாத நேரம், இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடும்போது குற்றம் நிகழ்கிறது. இதை உங்கள் கடையில் பொருத்திப் பாருங்கள். இரவு ஒன்பது மணி. எக்ஸ்சேஞ்ச் கவுண்டர் கடையின் கடைக்கோடியில் இருக்கிறது. காலையிலிருந்து நின்ற காலோடு நீங்கள் ஒருவர் மட்டும் அங்கே. சூப்பர்வைசர் கீழே கணக்கு முடிக்கிறார். கேமரா இருக்கிறது, ஆனால் அது கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையைக் கண்காணிக்க ஏற்பாடு இருந்தது, உங்கள் முகத்தைக் காப்பாற்ற ஏற்பாடு இல்லை.

சேவைத் தொழில்களில் வன்முறை நாள் முழுக்கச் சீராகப் பரவிக் கிடப்பதில்லை. பணியாளர் 'இல்லை' என்று சொல்ல வேண்டிய நொடியைச் சுற்றித்தான் அது குவிகிறது. வயது குறைந்தவருக்கு மது கொடுக்க மறுப்பது, திருடியவரைத் தடுப்பது, பில் இல்லாத பொருளைத் திருப்பி வாங்க மறுப்பது, நேரம் முடிந்துவிட்டது என்று கதவைச் சாத்துவது ஆகியவையே அந்த நொடிகள். பிரிட்டனில் சில்லறைக் கடைப் பணியாளர் மீதான வசவும் தாக்குதலும் 2023-24-இல் ஒரு நாளைக்கு 2,000-க்கும் மேல் நடந்ததாக அங்குள்ள கடை உரிமையாளர் கூட்டமைப்பே கணக்குச் சொல்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு அது 1,300 ஆக இருந்தது. ஸ்காட்லாந்து 2021-இல் கடைப் பணியாளரைத் தாக்குவதையும் மிரட்டுவதையும் தனிக் குற்றமாக்கியபோது, வயது வரம்பு விதியை நிறைவேற்றும்போது நடக்கும் தாக்குதலை மேலும் கடுமையானதாகக் கருதச் சொன்னது. 'இல்லை' என்று சொல்லும் வேலையைச் சட்டம் ஒருவர் தலையில் வைத்தால், அப்படிச் சொன்னதற்காக விழும் அடிக்கும் சட்டமே பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் அதன் நியாயம்.

உங்கள் கடையில் நடந்தது இதற்கு நேர் எதிர். பில் இல்லாமல் மாற்றக் கூடாது என்ற விதியைச் சொல்லும் வேலை உங்களுக்கு; அதைத் தளர்த்தும் அதிகாரம் சூப்பர்வைசருக்கு. கத்தினால் விதி தளரும் என்பதை அன்று அவர் அந்தக் குடும்பத்துக்கு மட்டுமல்ல, சுற்றி நின்ற எல்லோருக்கும் காட்டிவிட்டார். இப்படி ஒரு முறை நடந்த கடையில் அடுத்த 'இல்லை' இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது வெறும் பேச்சு என்று வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே உங்கள் சொல்லில் தப்பைத் தேடாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் கடை நிற்கவில்லை.

இதை நான் ஆய்வுக் கட்டுரையில் படிப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்தேன். என் தகப்பனார் வட சென்னையில் ஒரு நியாயவிலைக் கடையில் விற்பனையாளராக இருந்தார். மண்ணெண்ணெய் வராத நாள்களில் சட்டைப் பை கிழிந்து வீட்டுக்கு வருவார்; அம்மா எதுவும் கேட்காமல் ஊசியில் நூல் கோப்பார். கிழிசலைத் தைத்துத் தைத்து அந்தப் பையின் ஓரம் கயிறு போல் தடித்திருந்ததை என் விரல் இன்னும் நினைவு வைத்திருக்கிறது. பிறகு ஒரு நாள் அவராகவே ஒரு பலகை வாங்கி, காலையில் கடை திறப்பதற்கு முன் எந்தெந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது, எது வரவில்லை, எப்போது வரும் என்று சாக்பீஸால் எழுதி வாசலில் மாட்ட ஆரம்பித்தார். வரிசையில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு அவர் வாயிலிருந்து கேட்ட 'இல்லை'யை, மக்கள் இப்போது வரிசையில் நிற்பதற்கு முன்பே படித்துவிட்டார்கள். சண்டை நின்றுவிடவில்லை. ஆனால் சட்டைப் பை கிழிவது அரிதாகிவிட்டது. ரொனால்ட் கிளார்க் என்ற குற்றவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் சூழலை மாற்றிக் குற்றத்தைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்து 2003-இல் 25 உத்திகளாகத் தொகுத்தார்கள். விதியை முன்கூட்டியே எழுதிவைப்பதும், காத்திருப்போரின் எரிச்சலைக் குறைப்பதும் அவற்றில் உண்டு. அப்பா அதையெல்லாம் படித்தவர் அல்ல.

இப்போது அந்த மன்னிப்பு. அதற்குச் சட்டப் பிரிவு ஏதும் இல்லை. சூப்பர்வைசர் உங்களை அடிக்கவில்லை, மிரட்டியதாகவும் நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் அது தீங்கு. குற்றம் என்று சட்டம் பெயர் வைத்ததை மட்டும் பார்த்தால் மனிதர்களுக்கு நேரும் தீங்கின் பெரும் பகுதி கண்ணுக்குத் தப்பிவிடும் என்று குற்றவியலிலேயே ஒரு பிரிவினர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வருகிறார்கள். கால் சென்டரிலும் கடையிலும் உணவகத்திலும் வேலை செய்பவர்களிடம் பேசிய ஆய்வாளர்கள், நாளையும் வேலை இருக்குமா என்ற நிச்சயமின்மை, வசவைச் சிரித்துக்கொண்டு வாங்க வேண்டிய கட்டாயம், புகார் சொன்னால் ஷிஃப்ட் குறையும் என்ற பயம் ஆகியவற்றைத் தீங்கின் கணக்கிலேயே சேர்த்தார்கள். இவற்றில் பலவற்றுக்குத் தனியாக ஒரு குற்றவாளியைக் கைகாட்ட முடியாது. வேலையை ஒழுங்கு செய்திருக்கும் விதத்திலேயே அவை இருக்கின்றன. 2019-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை, உடல், மனம், பாலியல், பொருளாதாரம் என்று நான்கு வகைத் தீங்கையும் வேலையிட வன்முறைக்குள் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் போன்ற வெளியாட்களால் வருவதையும் கணக்கில் எடுக்கச் சொன்னது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. இருந்தாலும் உங்கள் ஆடிமாத இரவை அந்த அளவுகோலால் அளந்து பார்க்கிறேன்: தையல், நடுங்கும் கை, எழுத முடியாத அந்த வார்த்தை, 2,400 ரூபாய். நான்கும் இருக்கின்றன.

தென் கொரியாவில் 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத் திருத்தம் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. வாடிக்கையாளரின் வசவால் பணியாளருக்கு உடல்நலமோ மனநலமோ கெடக்கூடும் என்றால், அவரை அந்த வேலையிலிருந்து சற்று நேரம் விலக்கி ஓய்வு தர வேண்டியது முதலாளியின் கடமை என்றும், அதைக் கேட்டதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. டோக்கியோ மாநகர அரசும் வாடிக்கையாளர் துன்புறுத்தலைத் தடை செய்யும் விதியை 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பணியாளர்களுக்காக 2008-இல் தனிச் சட்டம் வந்தது; அதில் கடைப் பணியாளர்கள் அடங்க மாட்டார்கள். ஆனால் நின்று நின்று கால் வீங்கிப்போவதை யாரும் தீங்கு என்று சொல்லாதிருந்த நம் ஊரில், 2021-இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமை கொடுக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். உங்கள் கவுண்டரில் நாற்காலி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் அதையும் கேளுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு, வரிசையாகச் சொல்கிறேன். முதலில், இன்றிரவே ஒரு நோட்டில் நடந்ததை எழுதுங்கள்: தேதி, மணி, யார் என்ன சொன்னார்கள், பக்கத்தில் நின்ற பணியாளர்கள் யார், பெட்டி எந்தக் கையிலிருந்து வந்தது எல்லாம். அந்த வார்த்தையையும் எழுதுங்கள். எனக்கு எழுத வேண்டாம். அந்த நோட்டுக்கு அது தேவை. அரசு மருத்துவமனையில் தையல் போட்டிருந்தால் விபத்துப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கும். அதன் நகலை, நம் ஆட்கள் ஏ.ஆர். காப்பி என்பார்களே அதை, கேட்டு வாங்குங்கள். அதில் 'ரேக்கில் இடித்துக்கொண்டது' என்று இருக்கும் என்பதற்காகப் பயப்பட வேண்டாம். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று சொன்னதை மறுக்கத் துணிவில்லாமல் இருந்தேன் என்பதைப் புகாரில் உள்ளபடியே எழுதிவிடுங்கள். இப்படிச் சொல்லவைக்கப்பட்ட எத்தனையோ 'இடித்துக்கொண்டேன்'கள் பதிவேடுகளில் கிடப்பதால்தான் கடைப் பணியாளர் மீதான வன்முறை நம் கணக்குகளில் தென்படுவதில்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். 115(2) மட்டும் என்றால் நீதிமன்ற உத்தரவில்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது என்று சொல்லக்கூடும், அது சரிதான். அந்த வார்த்தை புகாரில் இருப்பது ஏன் முக்கியம் என்பது அங்கேதான் புரியும், ஏனென்றால் 79-ஆம் பிரிவுக்கு அந்தத் தடை கிடையாது. கடைக் கேமராப் பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்து புதியது ஏறும் வழக்கம் பல இடங்களில் உண்டு. உங்கள் கடையில் ஏற்கெனவே அழிந்திருக்கலாம். ஆனாலும் பதிவை எடுத்துவைக்கும்படி முதலாளிக்கு எழுத்தில் கேட்டு, ஒரு நகலில் கையொப்பம் வாங்குங்கள்.

அந்த வார்த்தை பாலியல் தொனியுடையது என்றால் 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. வேலையிடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்புத் தருவது முதலாளியின் கடமை என்று அதன் 19-ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸில் புகார் கொடுக்க விரும்பும் பெண்ணுக்கு அவர் உதவியும் செய்ய வேண்டும். 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடையில், இத்தகைய புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய கடை என்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். புகாருக்குக் காலக்கெடு மூன்று மாதம். ஆடிக் கடைசி வாரத்தில் நடந்தது என்பதால் ஐப்பசிக் கடைசி வாரம் பிறப்பதற்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

சம்பளப் பிடித்தம் எனக்குக் கோபத்தை வரவழைத்தது என்பதை மறைக்கவில்லை. பணியாளரின் விளக்கத்தைக் கேட்காமல் அபராதம் விதிக்கக் கூடாது, அபராதம் அந்தச் சம்பளக் காலத்தின் ஊதியத்தில் நூற்றுக்கு 3-ஐத் தாண்டக் கூடாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. நஷ்டத்துக்காகப் பிடிக்க வேண்டுமென்றால் அந்த நஷ்டம் உங்கள் கவனக்குறைவால் வந்ததாக இருக்க வேண்டும். புடவையை மாற்றிக் கொடுத்தது நீங்கள் அல்ல. கொடுக்க மறுத்தவர் நீங்கள். தொழிலாளர் துறையில் இதற்கு எழுத்தில் முறையிடலாம். உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், வேலை நேரத்தில் வேலை காரணமாக வாங்கிய அடி பணிக்காயம்தான் என்று கோருங்கள். மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்திருந்தால் அந்த நாள்களுக்கு ஊதியத்தில் 90 சதவீதம் வரை கிடைக்க வழி உண்டு. பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உங்கள் உரிமை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

வேலை போகுமா என்ற பயத்துக்கு முழு உத்தரவாதம் தர என்னால் முடியாது, யாராலும் முடியாது. ஆனால் தனியாகப் போகாதீர்கள் என்று மட்டும் அழுத்திச் சொல்வேன். உங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில்தான் பெரம்பூர் இருக்கிறது. பின்னி மில் தொழிலாளர்கள் மேலதிகாரிகளிடம் வாங்கிய அடியையும் வசவையும், சாப்பிடக்கூட நேரம் போதாத மதிய இடைவேளையையும் பற்றிப் பேசிப் பேசி, செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இரு சிறு வணிகர்களின் துணையோடு, பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது அங்கேதான். அந்தப் பேச்சும் அடித்தவர் யார் என்பதிலிருந்துதான் ஆரம்பித்தது. இடைவேளை, நடத்தும் முறை என்று ஏற்பாட்டுக்குள் போனது. உங்கள் பிரிவில் எத்தனை பேர் இதே கவுண்டரில் நின்றிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான்கு பேராவது சேர்ந்து தீபாவளிக் கூட்டம் தொடங்குமுன் முதலாளியிடம் போங்கள். பில் இல்லாமல் மாற்றம் இல்லை என்பதைக் கவுண்டருக்கு மேல் பெரிய எழுத்தில் எழுதி மாட்டச் சொல்லுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் அந்தக் கவுண்டரில் இரண்டு பேர் நிற்க வேண்டும், ஒரு கேமரா அந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். விதியைத் தளர்த்துவதானால் சூப்பர்வைசர் தானே வந்து தன் பெயரில் தளர்த்தட்டும். மறுத்தவரை மன்னிப்புக் கேட்கச் சொல்லும் வழக்கம் நிற்கட்டும். முதல் மூன்றுக்கும் அதிகச் செலவில்லை என்பதால் முதலாளி ஒப்புக்கொள்ளக்கூடும். கடைசியது கடினம். அதைத்தான் முதலில் கேளுங்கள்.

கை நடுங்குவதைப் பற்றி. அது பலவீனம் அல்ல. ஒரு முறை அடி வந்த இடத்தில் திரும்பவும் நிற்க வைக்கப்பட்ட உடல் எச்சரிக்கையாக இருக்கிறது. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பதால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு முறை காட்டிவிடுங்கள். அதற்கு முன் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். அங்கே என்ன நடந்தது என்று கேட்பார்கள். ரேக்கில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லாதீர்கள்.